அந்தச் சிறுநீரகத்தை மறுக்கும் முன் என் கணவரைக் கேட்டிருக்க வேண்டும்

மலேசியாவில் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கான விதிகளை வகுப்பவர்களுக்கும், இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் கிடைத்ததும் அதை ஏற்பதா விடுவதா என்று முடிவெடுக்கும் மருத்துவக் குழுவினருக்கும்,

சென்ற மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த உறுப்புக் கொடை விளக்கக் கூட்டத்தில், பின்வரிசையிலிருந்து எழுந்து நான் ஒரு கேள்வி கேட்டேன். வயதானவர்களும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் உறுதிமொழி கொடுத்தால் அவர்களுடைய சிறுநீரகங்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மேடையில் இருந்தவர் மிகுந்த கனிவோடு, "தரம் குறைந்த உறுப்புகளை நாங்கள் நோயாளிகளுக்குப் பொருத்துவதில்லை, அம்மா. நீங்கள் பயப்பட வேண்டாம்" என்றார். மண்டபமே கைதட்டியது. என் பயம் அவர் நினைத்ததற்கு நேர் எதிரானது என்று சொல்ல அப்போது எனக்கு நா எழவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் 2011 மார்ச் முதல் 2019 அக்டோபர் வரை, எட்டரை ஆண்டுகள், வாரத்தில் மூன்று நாள் நான்கு மணி நேரம் டையாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக் கிடந்தவர். பிறையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தார். நெடுநாள் கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டது என்று தெரியவந்தபோது அவருக்கு வயது 47. முதலில் இரவு வேலை போயிற்று. பிறகு வேலையே போயிற்று. சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியைத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ ஏற்றுக்கொண்டது. அதற்கு நான் நன்றி மறக்கவில்லை. பணத்தைப் பற்றிய முறையீட்டை இந்த மடலில் நீங்கள் காணமாட்டீர்கள்.

டையாலிசிஸ் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இயந்திரத்தை விட்டு எழுந்து வந்த பிறகு ஒரு மனிதன் வீட்டில் எப்படி வாழ்கிறான் என்பதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சிறுநீர் அறவே நின்றுபோன பிறகு ஒரு நாளைக்கு அவருக்கு அனுமதிக்கப்பட்டது அரை லிட்டர் தண்ணீர். காலையில் ஒரு புட்டியில் அதை அளந்து ஊற்றிவைப்பேன். தேநீர், ரசம், மாத்திரைக்குக் குடிக்கும் ஒரு மடக்கு எல்லாம் அதிலிருந்துதான் கழிய வேண்டும். பினாங்குத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நண்பர்களோடு சேர்ந்து தண்ணீர்ப் பந்தல் போடுவது அவருக்கு இருபது வருட வழக்கம். நோய் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. வெயிலில் நடந்து வருகிறவர்களுக்கு நாள் முழுவதும் மோரும் பானகமும் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, நட்சத்திரப் பழம் உயிருக்கே ஆபத்து. இதையெல்லாம் அவர் முனகாமல் ஏற்றுக்கொண்டார். மாற்றுச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறது என்ற ஒன்று அவரைத் தாங்கியது. என் சிறுநீரகத்தைக் கொடுக்க நான் முன்வந்தேன். எனக்கே சர்க்கரை நோய் இருப்பது பரிசோதனையில் தெரிந்து, என்னைத் திருப்பி அனுப்பினார்கள். எனவே, முன்பின் அறியாத யாரோ ஒருவரின் மரணத்துக்காகவும் அவருடைய குடும்பத்தின் பெருமனதுக்காகவும் காத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

2017 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தே முக்காலுக்குத் தொலைபேசி ஒலித்தது. ஒரு சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, உறுதி சொல்ல முடியாது, எதையும் உண்ணாமல் குடிக்காமல் உடனே புறப்பட்டுக் கோலாலம்பூருக்கு வாருங்கள் என்றார்கள். ஆறு வருடமாக அலமாரிக்கு மேல் தயாராக இருந்த பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். என் தம்பி காரை ஓட்டினான். ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தூரமும் அவர் ஒரு கையால் மறுகையில் டையாலிசிஸ் ஊசிக்காக இரத்தக் குழாய்களை இணைத்துவைத்த பிஸ்டுலாவைப் பொத்திக்கொண்டு, அதன் துடிப்பை எண்ணுகிறவர்போல வந்தார். விடிவதற்கு முன் போய்ச் சேர்ந்தோம். அவரைப்போல இன்னும் மூன்று பேரை அழைத்திருந்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். நண்பகலில் ஒரு தாதி வந்து, "உங்க ரத்தம் பொருந்துது, அங்கிள்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று மணி நேரம் என் கணவர் முகத்தில் இருந்த ஒளியை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை.

மூன்று மணிக்கு ஓர் இளம் மருத்துவர் வந்தார். சிறுநீரகம் அவ்வளவு நன்றாக இல்லை என்று மேலே முடிவெடுத்துவிட்டார்கள், அதை யாருக்கும் பொருத்தப் போவதில்லை, நீங்கள் வீட்டுக்குப் போகலாம், நாளைய டையாலிசிஸைத் தவறவிடாதீர்கள் என்றார். நாளைய டையாலிசிஸ் இல்லை. அன்றைக்கே, புதன்கிழமையே, அவருடைய முறை. அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. திரும்பும் வழியில் தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தியபோது, என் தம்பி வாங்கி வந்த தேநீரில் பாதியை மட்டும் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். அளவு தாண்டிவிடும் என்றார்.

ஆறு வாரம் கழித்து வழக்கமான பரிசோதனைக்குச் சென்றபோது அவர் நிபுணரிடம் நேராகவே கேட்டார். கொடையாளி அறுபதைக் கடந்தவர், இரத்த அழுத்தம் இருந்தவர், மூளையில் இரத்தம் கசிந்து இறந்தவர், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது இரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் என்ற கழிவு கடைசி நாளில் ஏறியிருந்தது, உங்களுக்கு இதைவிட நல்லதாக ஒன்று கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டோம் என்று அந்த மருத்துவர் மறைக்காமல் சொன்னார். என் கணவர் மலாயில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்: "எனக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்குன்னு நெனைச்சு அப்படி முடிவு பண்ணீங்க, டாக்டர்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." மருத்துவர் கோபப்படவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த சந்திப்புக்கான தேதியை எழுதிக் கொடுத்தார்.

இதைவிட நல்லது எதுவும் வரவில்லை. இன்னொரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை. 2019 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை அதிகாலை, சனி ஞாயிறு இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு டையாலிசிஸுக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது இருதயம் நின்று இறந்தார். அவருக்கு வயது 55. வாரத்தில் இரண்டு நாள் தொடர்ந்து சிகிச்சை இல்லாத அந்த நீண்ட இடைவெளி முடியும் நாளில் இறப்பு கூடுகிறது என்று, 32,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று 2011ஆம் ஆண்டிலேயே, அவர் முதன்முதலாக இயந்திரத்தில் படுத்த அதே ஆண்டில், சொல்லியிருக்கிறது. இதை நான் அவர் போன பிறகுதான் படித்தேன். என் மகள் ஆங்கிலத்தில் வாசித்துப் பொருள் சொல்ல, இரண்டு வருடம் நாங்கள் இருவரும் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம்.

ஒன்றை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறுநீரகத்தைப் பொருத்தியிருந்தால் அவர் இன்று உயிரோடு இருப்பார் என்று நான் வாதாடவில்லை. அறுவை மருத்துவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது இரத்தக் குழாய்கள் இறுகிப் போயிருந்திருக்கலாம், தழும்பேறியிருந்திருக்கலாம். அந்த முடிவு மருத்துவ முறைப்படி சரியாகவே இருந்திருக்கலாம். என் முறையீடு வேறு. அவருடைய உயிரைப் பற்றிய ஒரு கணக்கை, அவர் பத்தடி தூரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நீங்கள் போட்டுப் பார்த்து முடித்துவிட்டீர்கள். அந்தக் கணக்கில் ஒரு பக்கம் மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

மண்டபத்தில் சொல்லப்பட்ட "தரம் குறைந்தது" என்ற சொல்லிலேயே அந்தக் கோளாறு இருக்கிறது. எதைவிடத் தரம் குறைந்தது? முப்பது வயதில் சாலை விபத்தில் இறந்த ஓர் ஆரோக்கியமான மனிதரின் சிறுநீரகத்தைவிடக் குறைந்தது என்றால் உண்மை. ஆனால் என் கணவரின் முன்னால் அன்று அப்படிப்பட்ட ஒரு சிறுநீரகம் இருக்கவில்லை. அவர் முன்னால் இருந்தவை இரண்டே: அந்த முதியவரின் சிறுநீரகம் அல்லது புதன்கிழமை டையாலிசிஸ். ஒப்பிட வேண்டியது இவ்விரண்டையும்தான்.

இந்த ஒப்பீட்டை உலகம் எப்போதோ செய்து பார்த்துவிட்டது. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு இத்தகைய சிறுநீரகங்களுக்கு ஒரு வரையறை வகுத்தார்கள். கொடையாளிக்கு வயது 60 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 50க்கும் 59க்கும் இடையில் இருந்து, இரத்த அழுத்தம், ஒரு டெசிலிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கிரியாட்டினின், மூளை இரத்தக் குழாய் பாதிப்பால் மரணம் என்ற மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். நாங்கள் அன்று கேள்விப்பட்ட கொடையாளி இந்த வரையறைக்குள் அப்படியே அடங்குகிறார். 2005இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்து, இப்படிப்பட்ட சிறுநீரகத்தைப் பெற்றவர்களையும் அதைப் பெறாமல் டையாலிசிஸில் காத்திருந்தவர்களையும், அவர்களில் பிறகு வழக்கமான சிறுநீரகம் பெற்றவர்களையும் சேர்த்தே, ஒப்பிட்டது. காத்திருப்பு 1,350 நாட்களுக்கு மேல் நீளும் பகுதிகளில், பெற்றுக்கொண்டவர்களின் இறப்பு அபாயம் 27 விழுக்காடு குறைவாக இருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. அறுவைக்குப் பிந்தைய முதல் மாதங்களில் அவர்களுக்கு ஆபத்து கூடுதல்; நன்மை கண்ணுக்குத் தெரிய ஆண்டுகள் ஆகும். காத்திருப்பு குறைவான ஊர்களில் நீரிழிவு நோயாளிகளுக்கு மட்டுமே பலன் தெரிந்தது. என் கணவர் கோலாலம்பூருக்கு அழைக்கப்பட்ட அன்று அவர் டையாலிசிஸ் தொடங்கி 2,300 நாட்களைத் தாண்டியிருந்தார்.

எத்தனை வருடம் உழைக்கும் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. கொடையாளியின் வயது, எடை, இரத்த அழுத்தம், நீரிழிவு, இறப்புக் காரணம், கிரியாட்டினின் போன்றவற்றைச் சேர்த்து ஒரு சிறுநீரகத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் முறை அமெரிக்கப் பங்கீட்டில் 2014 முதல் நடைமுறையில் உள்ளது. அங்கே எண் கூடக் கூடத் தரம் குறையும். மிகச் சிறந்த இருபது விழுக்காட்டுக்குள் வருபவை பதினோரு ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் என்றும், நடுத்தரமானவை ஒன்பது ஆண்டு என்றும், 85க்கு மேல் போனவை ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் என்றும் அந்நாட்டு உறுப்புப் பங்கீட்டு அமைப்பு நோயாளிகளுக்கே விளக்குகிறது. ஐந்தரை ஆண்டு என்பது உங்களுக்குக் குறைவாகப் படலாம். தண்ணீரை அளக்காமல் குடிக்கக்கூடிய ஐந்து தைப்பூசங்கள் அவை. என் மகளின் பட்டமளிப்பு 2018இல், என் கணவருடைய தாயின் கடைசி மாதங்கள் 2019இல், இரண்டும் அந்த ஐந்தரை ஆண்டுகளுக்குள் அடங்கியிருக்கும். பட்டமளிப்பு புதன்கிழமை என்பதால் அவர் போகவில்லை.

பிரான்சையும் அமெரிக்காவையும் ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 2004 முதல் 2014 வரை இறந்தவர்களிடமிருந்து எடுத்த சிறுநீரகங்களில் அமெரிக்கா ஏறத்தாழ 18 விழுக்காட்டையும் பிரான்சு 9 விழுக்காட்டையும் பயன்படுத்தாமல் விட்டன. அமெரிக்காவில் வீணாக்கப்பட்ட ஏறத்தாழ 28,000 சிறுநீரகங்களில் 17,000க்கும் மேற்பட்டவற்றைப் பிரெஞ்சு மருத்துவர்கள் பொருத்தியிருப்பார்கள் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. ஐரோப்பாவில் எட்டு நாடுகள் சேர்ந்த பங்கீட்டு அமைப்பு ஒன்று 1999 முதலே 65 வயதைக் கடந்த கொடையாளிகளின் சிறுநீரகங்களை 65 வயதைக் கடந்த நோயாளிகளுக்கு, பனிக்கட்டியில் கிடக்கும் நேரத்தை மிகவும் சுருக்கி, உள்ளூரிலேயே பொருத்தி வருகிறது. ஸ்பெயினில் பத்து லட்சம் மக்களுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கொடையாளிகள் கிடைக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அறுபதைக் கடந்தவர்கள். நம் நாட்டில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ ஒருவர். டையாலிசிஸில் இருப்பவர்களோ 50,000க்கும் மேல். நிறைய இருப்பவன் ஒன்றைத் தள்ளிவிடுவதும், ஒன்றே ஒன்று வைத்திருப்பவன் அதைத் தள்ளிவிடுவதும் ஒன்றாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கல்லீரல் அழற்சி சி கிருமி உள்ள கொடையாளியின் சிறுநீரகம் என்றாலே தொடமாட்டார்கள். இன்று அதை ஏறத்தாழ பன்னிரண்டு வார மாத்திரையில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் முற்றாக ஒழித்துவிட முடிகிறது. அத்தகைய சிறுநீரகத்தைக் கிருமியில்லாத நோயாளிக்குப் பொருத்தி, பிறகு மருந்தால் குணப்படுத்திய முடிவுகளை அமெரிக்க மருத்துவர்கள் 2017இல் வெளியிட்டார்கள். அதே 2017ஆம் ஆண்டில்தான் மலேசிய அரசு இந்தக் கிருமிக்கான சோபோஸ்புவிர் மருந்துக்கு, காப்புரிமையாளரின் சம்மதமின்றியே மலிவான வடிவத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் அரசுப் பயன்பாட்டு உரிமத்தைப் பிறப்பித்து, எட்டாத விலையில் இருந்ததைப் பொது மருத்துவமனை நோயாளிகளின் கைக்குக் கொண்டுவந்தது. உலகமே திரும்பிப் பார்த்த துணிச்சல் அது. அந்தத் துணிச்சல் உள்ள நாட்டில், சிறுநீரகங்களின் விஷயத்தில் மட்டும் ஏன் இத்தனை தயக்கம் என்று நான் கேட்கிறேன்.

கருவிகளைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரே கொடையாளியின் ஒரு சிறுநீரகத்தைப் பனிக்கட்டியிலும் மற்றொன்றைத் திரவம் பாய்ச்சும் இயந்திரத்திலும் வைத்து, 336 கொடையாளிகளிடம் ஒப்பிட்டு, இயந்திரத்தில் வைத்தது பொருத்திய உடனே வேலை செய்யத் தொடங்கும் வாய்ப்பு கூடுதல் என்று 2009இல் நிறுவினார்கள். இத்தாலியில், ஒன்று மட்டும் போதாது என்ற நிலையில் உள்ள இரண்டு முதிய சிறுநீரகங்களையும், சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்து பார்த்து, ஒரே நோயாளிக்கு இரண்டையும் பொருத்தினார்கள். ஏற்பதும் மறுப்பதும் தவிர, நடுவில் வழிகள் இருக்கின்றன.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பொருத்திய சிறுநீரகம் ஒரு மாதத்தில் செயலிழந்தால் அதை அறிக்கையில் எழுத வேண்டியவர் நீங்கள். பொருத்தாமல் விட்டதால் இரண்டு வருடம் கழித்துத் தன் வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் இறந்தால், அது உங்கள் பிரிவின் எந்த அறிக்கையிலும் வராது. எந்த மருத்துவரையும் நான் குற்றவாளியாக்கவில்லை. அறுவைக்குப் பிந்தைய தோல்வியை மட்டும் எண்ணி, காத்திருந்து இறந்தவர்களை எண்ணாத ஒரு முறை, நல்ல மருத்துவரையும் மறுக்கும் பக்கமே தள்ளும். இருபத்தைந்து வயது இளைஞனுக்கு 68 வயதுச் சிறுநீரகத்தைக் கொடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. புற்றுநோய் ஐயம் உள்ளதை, தழும்பேறி முடிந்துபோனதைத் தூக்கி எறியுங்கள். யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. அதைவிட முக்கியமாக, தரத்தைச் சொல்லாமல் ஏழை நோயாளியின் தலையில் இத்தகைய சிறுநீரகத்தைக் கட்டுவது, கேட்காமல் மறுப்பதைவிடப் பெரிய அநியாயம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நோயாளிக்கு உண்மையைச் சொல்லி, அவரைக் கேட்பது.

கொடுத்தவர்கள் பக்கமும் ஒரு காயம் இருக்கிறது. செந்தூலில் வாழும் என் பெரியம்மா மகளின் கணவர் சில ஆண்டுகளுக்கு முன் 61 வயதில் பக்கவாதத்தில் மூளைச் சாவு அடைந்தார். அக்காவும் பிள்ளைகளும் மருத்துவமனை நடையில் நின்று உறவினர்கள் அத்தனை பேரோடும் வாதாடி உறுப்புக் கொடைக்கு ஒப்புக்கொண்டார்கள். உடலை அறுக்க விட்டால் கரையேறாது என்று சொன்ன பெரியவர்களின் பேச்சை மீறிக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் கண்களின் விழிவெண்படலத்தை மட்டும் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். சிறுநீரகங்கள் ஏன் வேண்டாம் என்று ஒருவரும் உட்கார்ந்து விளக்கவில்லை. ஒரு நன்றிக் கடிதம் வந்தது. அதிலும் விளக்கம் இல்லை. "என் புருஷன் உடம்பு எதுக்கும் ஆகலன்னு சொல்லிட்டாங்கம்மா" என்று கருமாதியன்று அக்கா என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த உறவுக் கூட்டத்தில் இனி எவரும் உறுதிமொழி கொடுக்கமாட்டார். சட்டப்படி ஒருவர் உயிரோடு இருக்கும்போதே சம்மதம் தந்திருந்தாலும், நடைமுறையில் குடும்பத்தின் வாயைப் பார்த்துத்தான் எல்லாம் நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்படியிருக்க, ஒப்புக்கொண்ட குடும்பத்தை இப்படி அனுப்பி வைப்பது உங்களுக்கே இழப்பு.

எனவே உங்களிடம் கேட்கிறேன்.

காத்திருப்புப் பட்டியலில் பெயர் சேரும்போதே ஒவ்வொரு நோயாளியையும் உட்காரவைத்து, வயதான அல்லது நோயிருந்த கொடையாளியின் சிறுநீரகம் வந்தால் ஏற்பாரா, கல்லீரல் அழற்சி சி கிருமி இருந்து குணப்படுத்த முடியும் என்றால் ஏற்பாரா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நள்ளிரவில் ஓடி வந்து பசியோடு கிடக்கும்போது கேட்பது கேட்பதாகாது. அந்தப் படிவமும் விளக்கமும் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் போதாது. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒரு தொழிலாளி தன் மனைவியோடு படித்துப் பார்த்து முடிவெடுக்கும் அளவுக்குத் தெளிவான தமிழில், அவ்வாறே சீனத்திலும் வேண்டும். எத்தனை ஆண்டு உழைக்கலாம், முதல் மாதங்களில் ஆபத்து எவ்வளவு, டையாலிசிஸில் தொடர்ந்தால் ஆபத்து எவ்வளவு என்ற மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். உடல்நிலை மாறுவதால் ஆண்டுக்கொரு முறை அந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். 2011இல் மறுத்திருக்கக்கூடியதை என் கணவர் 2017இல் ஏற்றிருப்பார்.

ஒரு சிறுநீரகத்தை மறுக்கும்போது, யார், எந்தக் காரணத்தால், பயாப்சி பார்த்தா பார்க்காமலா மறுத்தார் என்று பதிவு செய்யுங்கள். அழைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட நோயாளிக்கு ஒரு வாரத்துக்குள் அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். பெயர் ஊர் எதுவும் இல்லாமல், ஆண்டுதோறும் எத்தனை சிறுநீரகங்கள் கிடைத்தன, எத்தனை பொருத்தப்பட்டன, எத்தனை எந்தக் காரணத்துக்காக விடப்பட்டன, பட்டியலில் காத்திருந்தபடியே எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை ஒரே பக்கத்தில் சேர்த்துப் பொதுமக்கள் முன் வையுங்கள். முதியவர்களின் சிறுநீரகங்களை முதிய நோயாளிகளுக்கு விரைந்து பொருத்தும் திட்டம் ஒன்றை, சிறிய அளவிலேனும், வடக்கே பினாங்கு நோயாளிகளையும் உட்படுத்தித் தொடங்குங்கள். அந்தத் திட்டத்தின் முடிவுகளைத் தனியாகக் கணக்கில் எடுங்கள், துணிந்து ஏற்றுக்கொண்ட மருத்துவர் அதற்காகத் தண்டிக்கப்படாமல் இருக்கட்டும். கொடை கொடுத்த குடும்பத்துக்கு, உறுப்பு பயன்படாமல் போனால், ஒருவர் நேரில் போய்க் காரணத்தை விளக்க வேண்டும். விளக்கக் கூட்டங்களுக்கு அனுப்பப்படுகிறவர்கள் "தரம் குறைந்தது" என்ற சொல்லை விட்டுவிட்டு, "இவருக்கு ஏற்றதா" என்று பேசப் பழகட்டும்.

கடைசியாக ஒன்று எனக்காக. 2017 செப்டம்பரில் அந்தப் புதன்கிழமை பிற்பகலில் அந்தச் சிறுநீரகம் ஏன் மறுக்கப்பட்டது என்று உங்கள் கோப்பில் ஏதேனும் எழுதப்பட்டிருந்தால், கொடையாளியின் அடையாளத்தை மறைத்துவிட்டு, அதை எனக்குக் காட்டுங்கள். ஒன்றும் எழுதப்படவில்லை என்றால், எழுதப்படவில்லை என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஒருவரின் மனைவி,
பட்டர்வொர்த், பினாங்கு